ஒரே தாய்மரத்தின் ஆயிரம் கன்றுகள்: டிக்கோயாவில் எழுந்த ஒரு கேள்வி

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவே அரை மணித்தியாலம் ஏறினால் என் அம்மா பிறந்த லயன் வரும். 1977 வன்செயலுக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். நான் பிறந்தது கிளிநொச்சி மாவட்டத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றில். ஆனாலும் அம்மாவின் சித்தி இன்னும் அதே லயனில்தான் இருக்கிறார். அவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்தவர். நான் அவரை அம்மாயி என்று கூப்பிடுவேன்.

கடந்த முறை போயிருந்தபோது, லயனுக்குக் கீழே ஒரு சிறிய நாற்றுமேடை போட்டிருந்தார்கள். கறுப்புப் பொலித்தீன் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள். மலையுச்சிக் காட்டின் ஓரத்தில் நடுவதற்காக உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். யூகலிப்டசும் பைனசும் வேண்டாம், நம் காட்டு மரங்களையே நடுவோம் என்ற அவர்களது எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆயிரம் கன்றுகள் இருக்கும் என்றார்கள். விதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"மேல, ரோட்டுப் பக்கமா ஒரு பெரிய மரம் நிக்கிது அண்ணே. அதுக்குக் கீழதான் பொறுக்கினோம். காட்டுக்குள்ள போனா அட்டை" என்று சிரித்தார் ஒரு தம்பி.

ஆயிரம் கன்றுகளுக்கும் ஒரே தாய். அப்போது எனக்கும் அது ஒரு பெரிய விடயமாகத் தெரியவில்லை. மரம் மரம்தானே? அது ஏன் பெரிய விடயம் என்பதை எனக்கு விளங்கவைத்தவர் அம்மாயி.

இரண்டு மலைகள்

அன்று மாலை அவரோடு நடந்துபோனபோது பாதையின் இரு பக்கத்தையும் காட்டினார்.

"இந்தப் பக்கம் பாரு தம்பி, பழைய வெத மலை. ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒண்ணு பெரிய எல, ஒண்ணு சின்ன எல. ஒண்ணு இன்னிக்குக் கொழுந்து விட்டா இன்னொண்ணு நாலு நாள் கழிச்சு விடும். அந்தப் பக்கம் வீபி மலை. எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி."

"எது நல்லம் அம்மாயி?"

"பறிக்கிறதுக்கு வீபிதான். கை வேகமாப் போகும், கிலோ கூட வரும். ஆனா வெயில் காஞ்சா வீபி மொத்தமா வாடும். வெத மலைல பாதி வாடும், பாதி நிக்கும்."

மரபணுப் பல்வகைமை என்று புத்தகங்கள் சொல்வதை அவர் இரண்டே வசனங்களில் சொல்லிவிட்டார்.

வீபி என்றால் வெட்டுத்துண்டுகளிலிருந்து வளர்க்கப்பட்ட தேயிலை. நல்ல விளைச்சல் தரும் ஒரு தாய்ச்செடியைத் தெரிந்து, அதன் இலையோடு கூடிய துண்டுகளை வெட்டி வேர்விட வைத்து நடுவார்கள். 1925இல் நிறுவப்பட்டு தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்படிப் பல இனங்களை வெளியிட்டது. அவற்றுள் 'டி.ஆர்.ஐ. 2025' போன்ற எண்களை மலையகத்தில் தேயிலையோடு வாழ்ந்த எவரும் அறிவார்கள். ஒரு வீபி மலையில் ஆயிரக்கணக்கான செடிகள் நிற்கலாம். ஆனால் மரபணுக் கணக்கில் அது ஒரே செடி. விதையில் முளைத்த மலையிலோ ஒவ்வொரு செடியும் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று வாங்கிய தனித்தனி ஆள். வறட்சியில் விதைத் தேயிலை தாக்குப்பிடிப்பதற்கு அதன் ஆழமான ஆணிவேரும் ஒரு காரணம். வெட்டுத்துண்டில் வளர்ந்த செடிக்கு ஆணிவேர் இல்லை. ஆனால் "பாதி வாடும், பாதி நிக்கும்" என்பதற்கு வேர் மட்டும் காரணமல்ல. செடிக்குச் செடி வேறுபாடு இருப்பதால்தான் சில நிற்கின்றன.

ஓர் இனம் அழிந்ததா பிழைத்ததா என்று மட்டும் பார்க்கிற நாம், அந்த இனத்துக்குள் எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. வறட்சியைத் தாங்குகிறவர், பூஞ்சணத்தைத் தாங்குகிறவர், முந்திப் பூப்பவர், பிந்திப் பூப்பவர் எல்லோரும் இருந்தால்தான் ஓர் இனத்துக்கு எதிர்காலம் உண்டு. மரங்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே இருக்கும்போது இந்த வேறுபாடு குறைந்துகொண்டே போகலாம்.

கோப்பி சொல்லித் தந்த பாடம்

இந்தப் பாடத்தை மலையகம் ஏற்கெனவே ஒரு முறை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. நம் மூதாதையர்கள் முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. டிக்கோயாப் பள்ளத்தாக்கின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டதும் கோப்பிக்காகத்தான்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிவது கவனிக்கப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். கோப்பித் துரு நோய் என்று பின்னர் உலகமே அதை அறிந்தது. அப்படி இருந்தும் தோட்டங்கள் விரிந்துகொண்டே போயின. 1870களின் இறுதியில் சுமார் 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையில் கோப்பி ஒரு பெரும்பயிர் என்ற நிலையையே இழந்தது. கம்பனிகள் முறிந்தன. கூலி கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அந்த வெற்றிடத்தில்தான் மலைநாடு முழுவதும் ஏறியது.

ஏன் ஒரு பூஞ்சணத்தால் அவ்வளவு பெரிய பயிரை விழுத்த முடிந்தது? மழை, காற்று, இடைவெளியில்லாத ஒற்றைப் பயிர் எல்லாமே காரணங்கள்தான். அவற்றோடு இன்னொன்றும் உண்டு. அரபிக்கா கோப்பி தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடி. ஆசியாவெங்கும் பரவிய அரபிக்கா, யேமனிலிருந்து வெளியேறிய மிகச் சில செடிகளின் வாரிசு. ஒன்றைத் தாக்கத் தெரிந்த பூஞ்சணத்துக்கு எல்லாவற்றையும் தாக்கத் தெரிந்துவிட்டது. எதிர்த்து நின்ற செடி அந்தக் கூட்டத்தில் இல்லை. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? தீமோர் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து முளைத்த ஒரு கலப்பிலிருந்து. வேறு மரபணு எங்கோ உயிரோடு இருந்தபடியால்தான் தப்ப வழி பிறந்தது.

5,000 அடிக் கோடு

டிக்கோயா ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. நகரத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. அதற்கு மேலே, மலைமுகடுகளில் மட்டும் கரும்பச்சைத் தொப்பி மாதிரி காடு. அது ஏன் அங்கே மட்டும் மிஞ்சியது?

1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின், காடுகள் அரச காணியாகி, தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. வெட்டுதல் கட்டுக்கடங்காமல் போனபோது, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்தார். 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்கக் கூடாது என்ற கொள்கை அதற்குப் பிறகுதான் உருவானது. ஆறுகளின் ஊற்றுக்கண்ணைக் காப்பதே அதன் நோக்கம். சிவனொளிபாத மலையைச் சுற்றிய வனம் 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த வனமும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆகவே மேலே காடு தப்பியது. ஆனால் கீழே, 5,000 அடிக்குக் குறைந்த உயரத்தில் வளரும் மரங்களுக்கு என்ன ஆனது? அவற்றின் பெரும்பகுதி தேயிலைக்கு அடியில் போய்விட்டது. பள்ளத்தாக்கின் குறுக்கே இந்த முகட்டில் நிற்கும் மரமும் எதிர் முகட்டில் நிற்கும் மரமும் ஒரு காலத்தில் ஒரே காட்டைச் சேர்ந்தவை. இன்று இரண்டுக்கும் நடுவில் சில மைல் தேயிலை.

இலங்கையில் 2012இல் வெளியான தேசிய செந்தரவுப் பட்டியலின்படி 3,154 பூக்கும் தாவர இனங்கள் உள்ளன. அவற்றுள் 894 உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஸ்டெமனோபோரஸ் என்ற மரப் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் இலங்கைக்கு மட்டுமே உரியவை. அவற்றுள் சில சிவனொளிபாத மலை வனத்தில் வாழ்கின்றன. இவற்றின் உறவினர்களான பல மரங்களின் காய்களுக்குச் சிறகு இருக்கும், காற்றில் சுழன்று தூரம் போகும். ஸ்டெமனோபோரஸ் காய்க்குச் சிறகு இல்லை. தாயின் காலடியிலேயே விழுந்து முளைக்கும். ஒரு முகட்டுக் கூட்டம் இன்னொரு முகட்டுக்கு நடந்து போகாது. அதனால் ஒவ்வொரு முகட்டுக் கூட்டமும் தனக்கென்று சில இயல்புகளைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். ஒரு முகட்டை இழந்தால், "அந்த இனம் வேறிடத்தில் இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்ல முடியாது. அந்த முகட்டின் பங்கு போனது போனதுதான்.

மரங்களும் தூரமானால்

மரங்கள் குறைந்தால் மரபணுவுக்கு என்ன நடக்கிறது என்பதை இலங்கையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். சிங்கராஜ வனத்தில் 1970களில் ஒட்டுப்பலகைத் தேவைக்காகத் தெரிவு செய்து மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து அது நிறுத்தப்பட்டது. 1988இல் அந்த வனமும் உலக மரபுரிமையானது. டார்லீன் முராவ்ஸ்கி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் குணதிலக, கமல் பாவா ஆகியோர் அங்கே பெரலிய வகை மரமொன்றின் விதைகளை ஆராய்ந்து 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

வெட்டப்படாத காட்டில் நூறு விதைகளுக்கு ஏறக்குறைய 87 விதைகள், வேறொரு மரத்தின் மகரந்தத்தால் உருவானவை. வெட்டப்பட்ட பகுதியில் அது 71 அளவுக்குக் குறைந்திருந்தது. அதாவது, அயல் மரங்கள் தூரமானதும் மரம் தன் மகரந்தத்தைத் தானே கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கலியாணம் செய்தால் என்ன வரும் என்று நம் கிராமங்களில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காட்டிலும் அதேதான். மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரும். கன்றுகள் சோரும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது என்பதுதான். மரம் பச்சையாக நிற்கும். பூக்கும், காய்க்கும், விதை விழும். குறைபாடு அடுத்த தலைமுறையில்தான் தெரியவரும். மரத்தின் ஒரு தலைமுறை நம் வாழ்நாளைவிட நீளமானது.

தண்ணீருக்குள் இருப்பவர்கள்

காடு என்றால் மரம் மட்டுமல்ல. முகட்டிலிருந்து இறங்கும் ஓடைகளிலும் தனியான ஒரு தாவர உலகம் இருக்கிறது.

வன்னிக் குளங்களில் கொட்டிக்கிழங்கு தோண்டி அவித்துச் சாப்பிட்டவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். அந்தக் கொட்டியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடி, அபொனோகெட்டன் ஜேக்கப்செனி, ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயரங்களின் குளிர்ந்த ஓடைகளில் வாழ்கிறது. இலங்கைக்கு மட்டுமே உரியது. நம் குளத்துக் கொட்டியும் மலையோடைக் கொட்டியும் ஒன்றுக்கொன்று சொந்தம். ஒன்று வெயிலைப் பழகியது, மற்றது குளிரைப் பழகியது.

கிரிப்டோகொரைன் இன்னொரு உதாரணம். நிழலான ஓடைக்கரைகளில் வளரும் சிறு செடி. இலங்கைக்கே உரிய பத்தளவு இனங்கள் உண்டு. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளுக்காக உலகெங்கும் விற்பனையாகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் மார்கோஸ் ஆற்றில், இலங்கைக்குரிய கிரிப்டோகொரைன் பெக்கெட்டி பரவியிருப்பது 1990களில் கண்டறியப்பட்டு, அதை அகற்றவே பாடுபட வேண்டியதாயிற்று. அப்படியென்றால் அந்தச் செடிக்கு ஆபத்தில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தொட்டிச் செடிகள் பெரும்பாலும் ஓடுதண்டிலிருந்தும் இழைய வளர்ப்பிலிருந்தும் பெருக்கப்படுபவை. கோடிக்கணக்கில் இருந்தாலும் அவை சில தாய்ச்செடிகளின் நகல்கள். அம்மாயியின் வீபி மலை மாதிரித்தான். பல்வகைமை இருப்பது இங்கே, பெயர் தெரியாத ஓடைகளில்.

டிக்கோயாவுக்குப் பக்கத்திலேயே காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது. 1965இல் கட்டி முடிக்கப்பட்டது. மஸ்கெலியாவில் மவுஸ்ஸாகலை அணை 1969இல் முடிந்தது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. வறட்சிக் காலத்தில் மவுஸ்ஸாகலைத் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், சனங்கள் போய்ப் பார்ப்பார்கள். அதோடு மூழ்கிய ஆற்றங்கரைச் செடிகள் அப்படித் திரும்பி வருவதில்லை.

ஒரே மரபணுவின் பலமும் பலவீனமும் என்ன என்பதைக் காட்டும் நீர்த்தாவரம் ஒன்றும் நமக்குத் தெரிந்ததுதான். சல்வீனியா. பிரேசிலைச் சேர்ந்த இது 1939இல் இலங்கைக்குள் கொண்டுவரப்பட்டு, குளங்களையும் வாய்க்கால்களையும் மூடியது. இது வித்தி மூலம் இனம்பெருக்க இயலாத மலட்டுச் செடி. உடைந்த துண்டுகளால் மட்டுமே பெருகும். குளத்தை நிறைத்துக் கிடப்பதெல்லாம் ஒரே செடியின் துண்டுகள். பல ஆண்டுகள் அதை எவராலும் வெல்ல முடியவில்லை. பிறகு அதன் தாய்நாட்டிலிருந்து அதை மட்டுமே தின்னும் ஒரு கூன்வண்டைக் கண்டுபிடித்தார்கள். 1980களின் பிற்பகுதியில் இலங்கையிலும் விட்டார்கள். பல இடங்களில் சல்வீனியா சரிந்தது. ஒற்றை மரபணு வேகமாகப் பரவும். தன் எதிரியைச் சந்திக்கும் நாளில் தப்பிக்க அதனிடம் வேறு ஆள் இல்லை.

விதை வங்கியில் வைத்துவிட முடியாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1988இல் நிறுவப்பட்ட தாவர மரபணு வளங்கள் நிலையம் இருக்கிறது. நெல், பயறு, மரக்கறி விதைகளை உலரவைத்துக் குளிரில் பாதுகாக்கிறார்கள். அப்படிச் சேர்த்து வைப்பதன் பலன் சிறியதல்ல. 1970களில் ஆசிய நெல்வயல்களைப் புல்குட்டை வைரசு தாக்கியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடமிருந்த 6,000க்கும் அதிகமான நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரிசா நிவாரா என்ற காட்டு நெல். அந்த இனம் இலங்கையின் குளத்தோரங்களிலும் தானாக முளைக்கிறது. இலங்கையில் ஐந்து காட்டு நெல் இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஒரிசா ரைசோமாட்டிஸ், இங்கு மட்டுமே உண்டு. வயலோரத்தில் களையென்று பிடுங்கிப் போடும் ஒரு புல்லில் கோடிக்கணக்கானோரின் சோறு ஒளிந்திருக்கலாம்.

ஆனால் எல்லா விதையையும் இப்படி வைக்க முடியாது. பலாக்கொட்டையை உலர்த்தி வைத்து இரண்டு வருடம் கழித்து நட்டால் முளைக்குமா? மாங்கொட்டை முளைக்குமா? காய்ந்தாலே செத்துவிடும். நம் ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளும் அப்படித்தான். பெரலிய, ஸ்டெமனோபோரஸ் குடும்பத்து விதைகள் விழுந்த சில நாட்களில், சில வாரங்களில் முளைத்தாக வேண்டும். குளிர்ப்பெட்டியில் பூட்டிவைக்க வழியில்லை. இவற்றுக்கு ஒரே வங்கி காடுதான். வேரோடு நிற்கிற, ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக்கொள்கிற காடு.

அப்படியென்றால் எப்படி நடுவது?

நாற்றுமேடைத் தம்பிமாரோடு மறுநாள் பேசினேன். நான் விஞ்ஞானி அல்ல, ஊடகக் கல்வி படித்தவன். வாசித்தும் கேட்டும் விளங்கிக்கொண்டதை அவர்களுக்குச் சொன்னதுபோலவே இங்கேயும் சொல்கிறேன்.

முதலாவது, ஒரே மரத்தில் விதை பொறுக்கக் கூடாது. எத்தனை மரம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு மரத்திலும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கும். காட்டில் நூறு பிரதிகளுக்கு ஐந்தில் மட்டும் இருக்கும் ஓர் அரிய இயல்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத 30 மரங்களைத் தெரிந்தால் 60 பிரதிகள் கிடைக்கும். அந்த அரிய இயல்பு அவற்றுள் ஒன்றிலாவது அகப்படும் வாய்ப்பு 95 வீதம். ஒரு மரத்தோடு நின்றுவிட்டால் அந்த மரத்தில் அது இருக்கும் வாய்ப்பு பத்து வீதம்கூட இல்லை.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்து மரங்களைத் தவிர்க்க வேண்டும். அவை பெரும்பாலும் சகோதரங்கள். ஐம்பது, நூறு மீற்றர் இடைவெளி விட்டு அடுத்த மரத்துக்குப் போவது நல்லது. ஒவ்வொரு மரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு விதை எடுத்துக் கலக்க வேண்டும். கொஞ்சத்தைக் காட்டுக்கும் விட்டுவர வேண்டும்.

மூன்றாவது, அதே மலையின், அதே உயரத்தின் விதை. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வந்த கன்று அதே இனமாக இருந்தாலும் டிக்கோயாக் குளிருக்குப் பழகியதாக இருக்காது.

நான்காவது, எங்கே நடுகிறோம் என்பது. முகட்டுக் காடுகளைத் துண்டு துண்டாக விடாமல், ஓடைக்கரைகள் வழியாக ஒரு மரவரிசையை இறக்கினால், வண்டும் தேனீயும் பறவையும் ஒரு முகட்டிலிருந்து மறு முகட்டுக்குப் போகும். மகரந்தமும் விதையும் அவற்றோடு போகும். ஓடைக்கு நிழல் கிடைத்தால் தண்ணீர்ச் செடிகளும் பிழைக்கும். வெறும் பைனஸ் தோட்டத்துக்குள்ளும் காட்டைத் திரும்பக் கொண்டுவரலாம். சிங்கராஜ ஓரத்தில் பைனஸ் மரங்களுக்கு இடையே வெளிச்சம் விட்டு, நாட்டு மரக்கன்றுகளை நட்டு 1990களிலிருந்து செய்து காட்டியிருக்கிறார்கள்.

தம்பிமார் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. "அண்ணே, முப்பது மரம் தேடலாம், அட்டையும் கடிக்கட்டும். நாளைக்கு கம்பனி இந்த எடத்துல வேற ஏதாச்சும் போடணும்னா பிடுங்கிருவாங்களே. எங்களுக்கு வீட்டுக்கே காணி இல்ல. காட்டுக்கு யார் தருவா?"

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. ஓடைக்கரையும் காட்டோரமும் அந்தக் குத்தகைக்குள்தான் பெருமளவில் வருகின்றன. இருநூறு வருடமாக அந்த மண்ணில் வாழ்பவர்கள் ஏழு பேர்ச்சஸுக்காகப் போராடுகிறார்கள். ஒரு காட்டு மரம் காய்க்க முப்பது வருடம் எடுக்கலாம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவரிடம் முப்பது வருடத்துக்கு மரம் வைக்கச் சொல்வது எப்படி? விறகு பொறுக்குகிறார்கள் என்று தோட்ட மக்களைக் காட்டின் எதிரிகளாகக் காட்டுவது சுலபம். அந்தக் காட்டை வெட்ட உத்தரவிட்டவர்களும் அதை விற்றவர்களும் வேறு. மரபணுப் பல்வகைமை என்பது விஞ்ஞானக் கேள்வி மட்டுமல்ல, காணிக் கேள்வியும்தான் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

எங்கள் வளவு மாமரம்

இதையெல்லாம் ஏன் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன் என்றால், காரணம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது.

2008இல் நாங்கள் வீட்டை விட்டு ஓடும்போது வளவில் நான்கு மாமரங்கள் நின்றன. நான்கும் கொட்டையில் முளைத்தவை. ஒன்று புளிக்கும், ஒன்று நாருள்ளது, ஒன்று தை மாதத்திலேயே பூக்கும், ஒன்று எல்லோரும் தின்று முடித்த பிறகு காய்க்கும். 2010இல் திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நிறுவனம் வீட்டுக்கு இரண்டு ஒட்டுமாங்கன்று கொடுத்தது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். சீக்கிரம் காய்த்தது, பழமும் இனிப்பு. ஆனால் ஒழுங்கை முழுக்க அதே இனம். ஒரே வாரத்தில் பூக்கும். ஒரு வருடம் பூக்கிற நேரத்தில் விடாமல் மழை பெய்து, முழு ஒழுங்கையின் பூவும் கருகிக் கொட்டியது. அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஒரு மாம்பழம் இல்லை. முந்திய நான்கு மரங்கள் இருந்திருந்தால் ஒன்றாவது தப்பியிருக்கும் என்று அம்மா சொன்னார்.

போரில் நாம் இழந்த மரங்களை எண்ணிக் கணக்குச் சொல்ல ஆட்கள் உண்டு. எத்தனை வகையை இழந்தோம் என்று எவரும் எண்ணவில்லை. பனை, வேம்பு, புளி, பாலை என்று இன்று ஆயிரக்கணக்கில் நடுகிறோம். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டும் பல இடத்து விதையிலிருந்து வந்தால்தான் நாளைய பனங்கூடலுக்குப் பலம். நடுகிற நாளில் படம் எடுக்கிறோம். விதை எங்கிருந்து வந்தது, எத்தனை தாய்மரம் என்று கேட்பதில்லை. அடுத்த முறை கேளுங்கள்.

நான் புறப்படும் அன்று காலை அம்மாயி ஒரு சின்னத் துணிமுடிச்சைக் கையில் தந்தார். லயனைச் சுற்றியிருந்த வீடுகளில் கேட்டு வாங்கிய பலாக்கொட்டைகள்.

"அஞ்சாறு வீட்டு மரம் தம்பி. எல்லாம் வேற வேற. எது அங்க பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் போட்டு வை."

வழியிலேயே காய்ந்துவிடக் கூடாதென்று ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். பதினெட்டுக் கொட்டை போட்டோம். பதினொன்று முளைத்தது. முதல் கோடையில் நான்கு போய்விட்டது. ஏழு நிற்கிறது.